யூசி (யுனிவேர்சல் கிரெடிற், பிரிட்டிஷ் அரசாங்க உதவிக்காசு) கிடைக்குது, ஆனா கவுன்சில் ராக்ஸுக்கு கோட்ஸ் கடிதம் வந்திட்டுது. என்ன செய்யலாம்?

கொக்குவில்பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். நான் லண்டன் ஹரோ பக்கம் ரெண்டு பெட்ரூம் பிளாட் ஒண்டில வாடகைக்கு இருக்கிறன். மனுசி, மகன் 8 வயசு, மகள் 5 வயசு, பேந்து என்ர தம்பியும் எங்களோடதான், ஹோலில படுக்கிறவன். எனக்கு சுப்பர்மார்க்கெற் வேலை, முந்தி கிழமைக்கு 40 மணித்தியாலம் இருந்தது இப்ப 24 ஆக்கிப்போட்டாங்கள், மனுசி ஸ்கூல் கன்ரீனில செய்த வேலையும் நிண்டிட்டுது. வாடகை மாசம் 1,750. முந்தி ராக்ஸ் கிரெடிற் எண்ட பழைய உதவிக்காசு எடுத்தனாங்கள், அதை நிப்பாட்டேக்க யுனிவேர்சல் கிரெடிற்றுக்கு மாறச் சொல்லி கடிதம் வந்து மாறினனாங்கள், அதில வாடகைக்கு எண்டு 1,500 அளவில போட்டிருக்கு. மிச்சத்தை எப்பிடியோ கையால போட்டுக் கட்டுறம்.

இப்ப பிரச்சினை கவுன்சில் ராக்ஸ், உள்ளூர்ச் சபைக்குக் கட்டுற வீட்டு வரி. முதல் ரிமைண்டர் ஒண்டு வந்தது, பிறகு முழு வருசக் காசையும் ஒரேயடியா கட்டு எண்டு வந்தது, இப்ப மஜிஸ்ரேட் கோட்ஸ் சம்மன், அதுக்கு மேல கோட்ஸ் செலவு எண்டு வேற ஒரு தொகை. யூசிக்குள்ள எல்லாம் அடக்கம் எண்டுதானே எல்லாரும் சொன்னவை? கோட்ஸுக்குப் போனா பொலிஸ் கேஸ் மாதிரி பேர் பதியுமோ? விசாவுக்குப் பிரச்சினை வருமோ? நான் ஐஎல்ஆர் (நிரந்தரமா இருக்க அனுமதி), பிள்ளையள் பிரிட்டிஷ். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஹேஸ்மாமா

தம்பி, நாங்கள் 80களில வந்த காலத்தில பெற்றோல் ஸ்ரேசனில ரெண்டு ஷிப்ற் அடிச்சுத்தான் வீட்டுக்காசு கட்டினனாங்கள். இப்பத்தைய பெடியள் எதுக்கெடுத்தாலும் பெனிபிற் எண்டு நிக்கிறியள். இன்னொரு வேலை பாக்கலாம்தானே.

குரோய்டன்சுதா

மாமா, அவர் வேலை செய்யிற ஆள், மணித்தியாலத்தைக் குறைச்சது முதலாளி. யூசி எடுக்கிற ஆக்களில மூண்டில ஒரு பங்கு அளவில வேலையில இருக்கிறவைதான். அதை விடுவம்.

தம்பி, முதல் பயத்தை விடுங்கோ. கவுன்சில் ராக்ஸ் சம்மன் கிரிமினல் கேஸ் இல்லை, உங்களில குற்றம் ஒண்டும் பதியாது. அண்டைக்கு கோட்ஸில பாக்கிறது நீங்கள் இந்தக் காசுக்குப் பொறுப்பான ஆளோ, கட்டின்னீங்களோ இல்லையோ எண்ட ரெண்டு விசயம்தான். "என்னட்டைக் காசில்லை" எண்டு அங்க நிண்டு சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை, மஜிஸ்ரேட் லயபிலிற்றி ஓர்டர், அதாவது காசுக்கு நீங்கள் பொறுப்பு எண்ட உத்தரவு, போட்டுவிடுவார். அதுக்குப் பிறகுதான் கவுன்சிலுக்கு உங்கட சம்பளத்தில பிடிக்கவோ பெனிபிற்றில பிடிக்கவோ பெய்லிஃப் எண்ட கடன் அறவிடுற ஆளை அனுப்பவோ அதிகாரம் வருது. அதால கதைக்க வேண்டிய இடம் கோட்ஸ் இல்லை, கவுன்சில் ஒஃபிஸ், அதுவும் அந்தத் திகதிக்கு முதல்.

இனி விசயத்துக்கு வாறன். யூசிக்குள்ள வாடகை இருக்கு, கவுன்சில் ராக்ஸ் இல்லை. 2013 ஏப்ரலுக்கு முதல் ஹவுசிங் பெனிபிற்றும் (வாடகை உதவி) கவுன்சில் ராக்ஸ் பெனிபிற்றும் ஒரே போர்மில கவுன்சிலிட்டையே போட்டது, அதுதான் பழைய ஆக்கள் எல்லாம் சேந்து வரும் எண்டு சொல்லிக்கொண்டு திரியினம். 2013இல கவுன்சில் ராக்ஸ் பெனிபிற்றை எடுத்துப்போட்டு ஒவ்வொரு கவுன்சிலும் தன்ர பாட்டில ஒரு திட்டம் வைக்கச் சொல்லி அரசாங்கம் விட்டிட்டுது. அதுக்குப் பேர் கவுன்சில் ராக்ஸ் ரிடக்சன், சில இடத்தில சப்போர்ட் எண்டுவினம். வாடகை டிடபிள்யூபியிட்டை (யூசி தாற அரச திணைக்களம்) இருந்து, ராக்ஸ் குறைப்பு கவுன்சிலிட்டை இருந்து. சில கவுன்சில் டிடபிள்யூபி அனுப்பிற தகவலையே விண்ணப்பமா எடுக்கும், கனக்க இடத்தில நீங்களா வெப்சைற்றில தனியப் போடவேணும்.

எவ்வளவு குறையும் எண்டது கவுன்சிலுக்குக் கவுன்சில் வித்தியாசம். வேலை வயசு ஆக்களுக்கு ஒரு இடத்தில முழுசாத் தள்ளுபடி வரும், பக்கத்துக் கவுன்சிலில எவ்வளவு ஏழையா இருந்தாலும் 20% கட்டத்தான் வேணும் எண்டு வச்சிருப்பாங்கள். வருசா வருசம் ஏப்ரலில மாத்துவாங்கள், அதால வேற கவுன்சிலில இருக்கிற ஆக்கள் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

இண்டைக்கே ரெண்டு வேலை செய்யுங்கோ. ரிடக்சனுக்குப் போடுங்கோ, அதில பேக்டேற் (பழைய திகதியில இருந்து தரச் சொல்லிக் கேக்கிறது) எண்ட கேள்வியில ஏன் முதலே போடேல்ல எண்ட காரணத்தை விளக்கமா எழுதுங்கோ, ராக்ஸ் கிரெடிற்றில இருந்து மாறினது, ஒருத்தரும் சொல்லேல்ல எண்டு. எவ்வளவு பின்னுக்குப் போவாங்கள் எண்டது அவங்கட திட்டத்தைப் பொறுத்தது. போட்ட உடன கவுன்சிலில காசு அறவிடுற ரிக்கவரி ரீமுக்கு போன் எடுத்து விண்ணப்பம் போட்டிருக்கிறன், முடிவு வரும்வரை நடவடிக்கையை நிப்பாட்டி வையுங்கோ எண்டு கேளுங்கோ, கேட்டதை ஈமெயிலிலயும் போடுங்கோ. மிச்சத் தொகைக்கு தவணையும் கேளுங்கோ. வழமையா ஏப்ரலில இருந்து ஜனவரி வரை 10 தவணை, கேட்டா 12 மாசத்துக்குப் பிரிச்சுத் தருவாங்கள்.

நீர்வேலி77

சுதா அக்கா சொன்னதோட ஒண்டு. கவுன்சிலில ரிடக்சன் தரமாட்டம் அல்லது தந்தது காணாது எண்டா செக்ஷன் 13ஏ எண்டு ஒண்டு இருக்கு, 1992 லோக்கல் கவர்ன்மென்ட் ஃபைனான்ஸ் அக்ட். அதில கவுன்சில் தன்ர விருப்பப்படி ஆருக்கும் எவ்வளவும் குறைக்கலாம், முழுசாவும் தள்ளலாம். வெப்சைற்றில ஹார்ட்ஷிப் ஃபண்ட் எண்டு எங்கயாவது அடியில ஒளிச்சு வச்சிருப்பாங்கள். போனில கேட்டா கஸ்டமர் சேர்விஸ் பிள்ளைக்கே தெரியாது. "13ஏ (1)(சி)" எண்டு அந்த நம்பரைச் சொல்லி எழுத்தில கேக்கோணும்.

மதுரைக்காரன்ரீடிங்

நல்ல த்ரெட். நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுல இருக்கேன், ரீடிங்ல தனியா ஒரு ஸ்டூடியோ. கம்பெனில ஓவர்டைம் கட் ஆனதுல இருந்து டைட்டா போகுது. நான் கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் அப்ளை பண்ணலாமா? ஃபிரெண்ட் ஒருத்தன் அது கவுன்சில் காசுதானே, பப்ளிக் ஃபண்ட்ஸ் (விசாவுல இருக்குறவங்க எடுக்கக்கூடாத அரசு உதவி) கிடையாது, தாராளமா போடுன்னு சொல்றான்.

குரோய்டன்சுதா

போடாதேங்கோ! உங்கட ஈவிசாவில (முந்தி பிஆர்பி எண்ட விசா அட்டையில) "நோ ரிகோர்ஸ் ரு பப்ளிக் ஃபண்ட்ஸ்" எண்டு இருந்தா யூசி, ஹவுசிங் பெனிபிற், கவுன்சில் ராக்ஸ் ரிடக்சன் மூண்டும் அந்தப் பட்டியலில இருக்கு. எடுத்தா விசா நீடிக்கேக்க பிரச்சினை.

ஆனா தனிய இருக்கிற ஆளுக்குக் குடுக்கிற 25% சிங்கிள் பேர்சன் டிஸ்கவுண்ட் பப்ளிக் ஃபண்ட்ஸ் இல்லை. அதுக்கும் வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஒரு வீட்டில 18 வயசுக்கு மேல ஒராள்தான் எண்டா கோடீஸ்வரனுக்கும் குடுப்பாங்கள். அதை எடுத்திட்டீங்களோ?

மதுரைக்காரன்ரீடிங்

அடப்பாவமே, இல்லையே! வந்ததுலேருந்து முழு பில்லுதான் கட்டிட்டு இருக்கேன். பழசுக்கும் கிடைக்குமா?

நீர்வேலி77

குடிவந்த திகதியில இருந்து நீங்கள் தனிய எண்டு காட்டினா பெரும்பாலும் பின்னுக்குப் போய்த் தருவாங்கள், ரெனன்சி அக்ரிமென்டை அனுப்புங்கோ. ஆனா நாளைக்கு ஊரில இருந்து பெடியன் ஒருத்தன் வந்து தங்கினா உடன சொல்லிப்போடோணும். ரூம் வாடகைக்கும் விட்டுக்கொண்டு சிங்கிள் டிஸ்கவுண்டும் எடுக்கிற சனம் இருக்கு, கிரெடிற் ரெக்கோர்ட்டை வச்சு கவுன்சில் செக் பண்ணிப் பிடிக்குது.

கோவைப்பொண்ணு

நான் பிஎச்டி ஸ்டூடண்ட், ஹஸ்பண்ட் டிபெண்டன்ட் விசாவுல வேலைக்குப் போறார். ஸ்டூடண்ட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் இல்லன்னு தெரியும், ஆனா அவர் வேலை பாக்குறதால 75% கட்டணும்னு பில் வந்துருக்கு, அப்போ டிஸ்கவுண்ட் 25% மட்டும்தானா?

குரோய்டன்சுதா

தங்கச்சி, அதை எதிர்த்து எழுதுங்கோ. முழுநேர மாணவரிட கணவர் அல்லது மனைவி பிரிட்டிஷ் இல்லாமல், அவையிட விசா நிபந்தனை வேலையையோ பெனிபிற்றையோ தடுக்குது எண்டா அவரையும் கணக்கில எடுக்கிறேல்ல. உங்கட அவருக்கு வேலை செய்ய அனுமதி இருந்தாலும் பப்ளிக் ஃபண்ட்ஸ் தடை இருக்கெல்லோ, "வேலை அல்லது பெனிபிற்" எண்டுதான் சட்டத்தில கிடக்கு, ரெண்டில ஒண்டு தடைப்பட்டாலே காணும். யூனிவர்சிற்றியில இருந்து கவுன்சில் ராக்ஸ் சேட்டிஃபிக்கேற், அவரிட விசா பிரதி ரெண்டையும் வச்சு வீடு முழுசா எக்ஸெம்ப்ற் (வரி விலக்கு), அதில கிளாஸ் என் எண்ட வகை எண்டு கேளுங்கோ. மறுத்தா முதல் கவுன்சிலுக்கு எழுதி, ரெண்டு மாசத்துக்குள்ள சரிவரேல்ல எண்டா வலுவேசன் ரிபியூனல் எண்ட தீர்ப்பாயத்துக்குப் போங்கோ, அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

கொக்குவில்பெடியன்

அக்கா பெரிய உதவி. நேற்றிரவே போட்டிட்டன். காலமை போன் எடுத்து அரை மணித்தியாலம் பாட்டு கேட்டு ஒரு பிள்ளை எடுத்தா, 28 நாளைக்கு நிப்பாட்டி வைக்கிறம் எண்டு சொன்னவ.

வாடகையைப் பற்றியும் கேக்கோணும். 1,750 கட்ட 1,500தான் வருது, இதுக்கு ஒண்டும் செய்யேலாதோ? தம்பியைப் பற்றி யூசியில சொல்லேல்ல, சொன்னா காசை வெட்டுவாங்கள் எண்டு பயம்.

தமிழ்லெஸ்டர்

சொல்லாமல் விடாதேங்கோ அண்ணை, பிறகு ஓவர்பேமென்ட், கூடத் தந்த காசைத் திருப்பித் தா எண்டு வரும்.

குரோய்டன்சுதா

இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ, ஏனெண்டா இதில சனம் தலைகீழாப் பயப்பிடுது.

பிரைவேற் வாடகைக்கு யூசி தாற உச்சத் தொகைக்குப் பேர் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் (எல்எச்ஏ). ஒவ்வொரு ஏரியாவிலயும் வாடகையளைக் கீழ இருந்து மேல அடுக்கினா முப்பதாவது சதவீதத்தில வாற தொகை எண்டுதான் அந்தக் கணக்கு, ஆனா அது கடைசியா ஏற்றினது 2024 ஏப்ரலில, அதுவும் 2023 செப்ரெம்பர் வரைக்குமான வாடகைத் தரவை வச்சு. அதுக்குப் பிறகு உறைய வச்சிட்டாங்கள், வாடகை உறையேல்ல. அதுதான் எல்லாருக்கும் துண்டு விழுது.

எந்த ரேற் எண்டது நீங்கள் இருக்கிற வீட்டில எத்தினை அறை எண்டதில இல்லை, குடும்பத்துக்கு எத்தினை அறை உரிமை எண்டதில. புருசன் பெஞ்சாதிக்கு ஒண்டு. 10 வயசுக்குக் கீழ ஆணும் பெண்ணும் ஒரே அறை, 16 வரைக்கும் ஒரே பால் எண்டா ஒரே அறை. அப்ப உங்களுக்கு ரெண்டு. ஆனா உங்களோட நிரந்தரமா இருக்கிற தம்பியையும் சேத்தா, அவருக்கும் ஒரு அறை எண்டு கணக்கு வந்து மூண்டு பெட்ரூம் ரேற்றுக்குப் போவீங்கள்! அவர் படுக்கிறது ஹோலிலயா எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. அதுக்குப் பதிலா 21 வயசுக்கு மேல இருக்கிற ஆள் எண்டு மாசம் 90 பவுண்ஸுக்கு மேல ஒரு தொகையை வெட்டுவாங்கள், அதுதான் நீங்கள் பயப்பிடுறது. இனி கூட்டிக் கழிச்சுப் பாருங்கோ. எல்எச்ஏ டிரெக்ற் எண்ட அரசாங்க வெப்சைற்றில உங்கட போஸ்ற்கோட்டைப் போட்டு மூண்டு பெட்ரூம் ரேற்றைப் பாருங்கோ, அது 1,750ஐத் தாண்டினா முழு வாடகையும் ஏற்று, அதில அந்த வெட்டைக் கழிப்பாங்கள். இப்ப இருக்கிறதை விட 150 அளவில கூட வரலாம்.

ஒரு நிபந்தனை, தம்பியார் குடும்ப ஆளா உங்களோட இருக்கோணும். சாப்பாட்டுக்கு, லைற்றுக்கு எண்டு ஏதும் தந்தா பரவாயில்லை, ரூம் வாடகை எண்டு பேசி வாங்கினா அது லொட்ஜர் (வாடகைக்கு அறை எடுத்த ஆள்) கணக்கு, அறை உரிமை வராது. இப்பவே யூசி ஒன்லைன் கணக்கில இருக்கிற ஜேர்னலில போடுங்கோ. உங்களுக்கு நன்மையான மாற்றத்தைப் பிந்திச் சொன்னா பிந்தினதில இருந்துதான் வரும், பின்னுக்குப் போய்த் தரமாட்டாங்கள்.

ஹேஸ்மாமா

இதென்ன சட்டம், ஹோலில படுக்கிறவனுக்கு அறைக் காசு!

குரோய்டன்சுதா

மாமா, மற்றப் பக்கமும் இருக்கு. 35 வயசுக்குக் கீழ தனிய இருக்கிற பிள்ளைக்கு ஒரு முழு பிளாட் எண்டாலும் பகிர்ந்து இருக்கிற வீட்டில ஒரு ரூமுக்கான ரேற்தான் குடுப்பாங்கள். ஹவுசிங் அசோசியேசன், கவுன்சில் வீட்டில அறை ஒண்டு கூடவா இருந்தா 14%, ரெண்டு கூட எண்டா 25% வெட்டு. எல்லா விதியும் எல்லாருக்கும் இனிக்காது.

கொக்குவில்பெடியன், அதுக்குப் பிறகும் துண்டு விழுந்தா கவுன்சிலிட்டையே வாடகைக்குத் தனியக் கேக்கலாம். அது இவ்வளவு காலமும் டிஸ்கிரஷனரி ஹவுசிங் பேமென்ட், டிஎச்பி எண்டு இருந்தது, இங்கிலாந்தில 2026 ஏப்ரலில இருந்து கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் எண்டதுக்குள்ள சேத்திட்டாங்கள். கேக்கேக்க மூண்டு மாச பாங்க் ஸ்ரேற்மென்ட்டைப் பாப்பாங்கள், ஸ்கை, ஜிம், ரியூசன் காசு எல்லாத்தையும் கோடு போட்டுக் கேப்பாங்கள், கோவில் அர்ச்சனை, ஊருக்கு அனுப்பின காசு எண்டு இருந்தா அதுக்கும் ஒரு விளக்கம் வச்சிருங்கோ.

தமிழ்லெஸ்டர்

நான் ஹொலண்டில இருந்து வந்த ஆள், டச் பாஸ்போட். எங்களைப் போல யூரோப்பில இருந்து வந்த ஆக்களுக்கு ஒரு விசயம். செற்றில்ட் ஸ்ரேற்றஸ் (நிரந்தர அனுமதி) எண்டா பிரச்சினை இல்லை. பிரீ-செற்றில்ட் (தற்காலிக அனுமதி) மட்டும் எண்டா அது காணாது, வேலை செய்யிறன் மாதிரி வேற ஒரு உரிமையையும் காட்டோணும். வேலையில்லாமல் பிரீ-செற்றில்டை மட்டும் வச்சுப் போட்டு மறுக்கப்பட்ட ஆக்கள் இஞ்ச லெஸ்ரரில நிறைய.

என்ர கேள்வி ஊர்க் காணி. அச்சுவேலியில அப்பா எழுதி வச்ச காணி, மூண்டு சகோதரம் பேரில. அதையும் காட்டோணுமோ?

நீர்வேலி77

ஆர் கேக்கப்போறான், விடும் ஓய்.

குரோய்டன்சுதா

நீர்வேலி, உப்பிடிச் சொல்லி ஒரு ஆளை மாட்டி விடாதேங்கோ. யூசிக்கு சேமிப்பு 16,000 பவுண்ஸைத் தாண்டினா ஒண்டும் இல்லை, 6,000க்கு மேல ஒவ்வொரு 250க்கும் மாசம் 4.35 வருமானம் எண்டு எடுப்பாங்கள். வெளிநாட்டுக் காணி, வீடு, பாங்க் காசு எல்லாம் அதுக்குள்ள. உங்கட பங்கு மட்டும்தான் உங்கட கணக்கு. அங்கத்தைய விலையில விக்கிற செலவுக்கு 10% கழிச்சு, அதில கடன் இருந்தா அதையும் கழிச்சுப் பாப்பாங்கள். வயசுபோன அம்மாவோ அப்பாவோ, பென்சன் வயசு தாண்டினவை, அந்த வீட்டில குடியிருந்தா அந்த வீட்டைக் கணக்கில எடுக்காத விதியும் இருக்கு. சும்மா கிடக்கிற காணிக்கு அது இல்லை. கழுத்தில போட்டிருக்கிற தாலிக்கொடி, நகை சொந்தப் பாவனைப் பொருள், அதைச் சேமிப்பா எடுக்கிறேல்ல. சீட்டுக் காசு உங்கட காசுதான்.

வாட்ஃபோர்ட்ராணி

எங்கட வீட்டுச் சொந்தக்காரர் தமிழ் ஆள்தான், காசு கையிலதான் வேணும், அக்ரிமென்ட் தரமாட்டாராம், பெனிபிற் எடுத்தா வீட்டை விடச் சொல்லுறார். என்ன செய்யிறது?

நீர்வேலி77

அவர் வாடகைக் காசுக்கு வருமான வரி கட்டுறேல்லப் போல, அதுதான் விசயம். எழுத்தில அக்ரிமென்ட் இல்லாட்டியும் நீங்கள் ரெனன்ட்தான். அடுத்த மாசத்தில இருந்து வாடகையை பாங்கால போடுங்கோ, ரெஃபரன்ஸில "ரென்ட்" எண்டு வீட்டு நம்பரோட. வற்ஸ்அப்பில அவர் "வாடகை எப்ப தாறாய்" எண்டு கேட்டதையும் அழிக்காதேங்கோ. 2026 மே 1இல இருந்து ரென்ரேர்ஸ் ரைற்ஸ் அக்ட் (வாடகைக்கு இருக்கிற ஆக்களின்ர உரிமைச் சட்டம்) படி காரணம் சொல்லாமல் எழுப்பிற செக்ஷன் 21 நோட்டீஸ் இங்கிலாந்தில இல்லை. பெனிபிற் ஆள் எண்டு ஒதுக்கவும் ஏலாது.

குரோய்டன்சுதா

வீட்டுக்காரர் அதே வீட்டில இருக்கிற உங்கட அண்ணனோ மாமனாரோ எண்டா மட்டும் யூசி வாடகை தராது. வேற வீட்டில இருக்கிற சொந்தம் எண்டா உண்மையான வாடகை எண்டு காட்டினாச் சரி. அறை ஒண்டை மட்டும் எடுத்து, மற்ற அறையளில வேற ஆக்கள் தனித்தனி ஒப்பந்தத்தில இருந்தா கவுன்சில் ராக்ஸ் வீட்டுச் சொந்தக்காரரின்ர பொறுப்பு, உங்கட இல்லை.

ஹேஸ்மாமா

சரி, சண்டை பிடிக்கேல்ல. ஒரு கேள்வி, எனக்கில்லை, என்ர அக்காவுக்கு. 71 வயசு, அத்தான் போயிட்டார், சின்னப் பென்சன்தான். வேலைக்குப் போற மகன் கூட இருக்கிறான். கவுன்சில் பிளாட், வாடகை அவதான் கட்டுறா.

குரோய்டன்சுதா

மாமா, உங்கட அக்காவுக்குத்தான் இஞ்ச எல்லாரையும் விடக் கூட உரிமை இருக்கு. பென்சன் வயசு ஆக்களுக்கு கவுன்சில் ராக்ஸ் குறைப்பை கவுன்சில் தன்ர இஷ்டத்துக்கு வெட்டேலாது, இங்கிலாந்து முழுக்க ஒரே விதி, 100% வரை போகும். வாடகைக்கும் அவவுக்கு யூசி இல்லை, பழைய ஹவுசிங் பெனிபிற்தான், கவுன்சிலிட்டைப் போடுறது. முதல் பென்சன் கிரெடிற் (குறைஞ்ச வருமானப் பென்சன்காரருக்கு அரசாங்க உதவி) போடுங்கோ, அதில கியாரண்ரி கிரெடிற் எண்ட பகுதி ஒரு பவுண் கிடைச்சாலும் 16,000 சேமிப்புத் தடை இல்லாமல் மற்ற ரெண்டும் திறக்கும். மூண்டும் மூண்டு மாசம் பின்னுக்குப் போகலாம். மகன் வேலை செய்யிறதால ரெண்டிலயும் ஒரு வெட்டு இருக்கும், ஆனா அவ அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் (ஏலாத வயசான ஆக்களுக்குப் பராமரிப்புக் காசு) எடுக்கிற ஆள் எண்டா அந்த வெட்டும் இல்லை. முழங்கால் ஏலாது, குளிக்க ஆள் வேணும் எண்டு இருந்தா அதையும் போட்டுவிடுங்கோ.

ஹேஸ்மாமா

அவவுக்கு முழங்கால் ரெண்டும் ஏலாதுதான். போர்மை நான் நிரப்பிக் குடுக்கலாமோ?

குரோய்டன்சுதா

ஓம், கையெழுத்து அவ. பென்சன் கிரெடிற்றை போனிலயும் போடலாம், தமிழ் இன்ரப்பிரெற்றர் வேணும் எண்டு கேட்டா எடுத்துத் தருவாங்கள், காசில்லை.

கொக்குவில்பெடியன்

அக்கா, மூண்டு பெட்ரூம் ரேற் என்ர வாடகையைத் தாண்டுது! தம்பியை ஜேர்னலில போட்டிட்டன். கவுன்சில் இப்ப ரிடக்சனுக்குத் தம்பியின்ர சம்பளத் துண்டு கேக்குது, அவன் டெலிவரி ஓடுறவன், கிழமைக்குக் கிழமை மாறும், தர விருப்பமில்லாமல் நிக்கிறான். அதோட எனக்கு நாலு கிழமைக்கு ஒருக்கா சம்பளம், ஒரு மாசம் ரெண்டு சம்பளம் விழுந்து யூசி நல்லாக் குறைஞ்சிட்டுது.

குரோய்டன்சுதா

நாலு கிழமைச் சம்பளம் எண்டா வருசத்துக்கு 13 தரம், அப்ப ஒரு மாசம் ரெண்டு விழத்தான் செய்யும். அந்த மாசம் யூசி பூச்சியமாப் போனா ஆறு மாசத்துக்குள்ள திரும்பத் திறக்கலாம், ஆனா திறக்கிறதை நீங்கதான் செய்யோணும், தானா வராது. யூசி மாறினா கவுன்சிலும் புதுப் பில் அனுப்பும், சிலவேளை மாசத்துக்கு ஒண்டு வரும், கடைசித் திகதி போட்டு வந்த பில்லை மட்டும் பாத்துக் கட்டுங்கோ, பழசைக் கட்டிப்போட்டு நிக்காதேங்கோ.

தம்பியாரிட்டை அப்பில வாற கிழமைக் கணக்கை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எண்டாலும் வாங்கிப் போடுங்கோ. கவுன்சிலுக்கு அவரிட வருமானம் தெரியாட்டி கூடின வெட்டைத்தான் போடும், அது உங்கட பில்லிலதான் ஏறும் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ.